எண்பத்து நாலு கிலோவுக்குச் சமன் செய்த வண்டி

பந்தயக்காரர்கள் அவரை மில்லி என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வதால் வந்த பெயர். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று யாராவது சொன்னால், குனிந்து பார்த்துவிட்டு, "கீல் பக்கம் ரெண்டு மில்லி இறங்கியிருக்கு" என்பார். தொழில், லிஃப்ட் பராமரிப்பு. லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஐந்து மில்லி ஏறி இறங்கினால் யாராவது கால் தடுக்கி விழுவார்கள். முப்பது வருடம் அதையே பார்த்துப் பார்த்து அவருக்குக் கண்ணே அளவுகோலாகிவிட்டது.

வார நாட்களில் லிஃப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய பந்தய வண்டி. அண்ணனைவிட மூன்று வயது மூத்தது. மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்புறத்தில் அதைக் கண்டுபிடித்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அப்போது அதன் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அண்ணன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "டிரைவர் ஏற்கெனவே உக்காந்துட்டார் போலிருக்கே" என்றார்.

மில்லிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாதிப் பக்கங்கள் போன ஒரு கையேடு இருந்தது. மிச்சத்தை மற்ற பழைய வண்டிக்காரர்கள் செய்த தப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் தடவை எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபோது இரண்டு நட்டுகள் மிச்சமாயின. "கம்பெனிக்காரன் தாராள மனசு, ரெண்டு சேத்துப் போட்டிருக்கான். விடுடா" என்றார் அண்ணன். மில்லி விடவில்லை. மறுபடி முழுவதையும் பிரித்தார். மூன்று ஞாயிறு போயிற்று. இரண்டு நட்டும் எங்கே போகவேண்டுமோ அங்கே போயின.

அதன்பின் வண்டியில் அவர் கை படாத இடமே இல்லை என்றாயிற்று. முன் சக்கரங்களின் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைத்தார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டும் ஒரே மாதிரி மூச்சிழுக்கும்வரை திருகினார். நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் கீழே மரை வெட்டிய வளையங்களைத் தானே கடைந்து போட்டார். வளையத்தைத் திருகினால் வண்டியின் அந்த மூலை உயரும், அந்தச் சக்கரம் தாங்கும் எடையும் கூடும். அண்ணன் ஓட்டுவார், தம்பி சரிசெய்வார். உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. அப்படியே அமைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும் அண்ணன், வருடத்தில் ஒருநாள், போக்குவரத்துக்கு மூடிய மலைப்பாதையில், ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறும் பந்தயத்தில், வேறு ஆளாக இருப்பார். மில்லி கீழே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான்கு மாதங்களுக்கு முன்னால் அண்ணன் இறந்துபோனார். பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை, அதைத் தொடர்ந்து கிருமித் தொற்று, ஐந்து வாரம் படுக்கை. மில்லி இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். மூன்றாம் நாள் ஒரு லிஃப்டின் கம்பி வடத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு அழுகை வரவில்லை. அடக்கவும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் உதடு மரத்திருக்கும்போது நாம் அதைக் கடித்துக் கடித்துப் பார்ப்போமே, அதுபோல அவர் அண்ணனின் சட்டை, செருப்பு, கையெழுத்து என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடிபடுவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

"அழணும்னா அழுதுடுங்க" என்றாள் அவர் மனைவி. "இப்படி வெள்ளையடிச்ச சுவராட்டம் உக்காந்திருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"பசிக்கல, அவ்வளவுதான்" என்றார் அவர். அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். பழைய கார்களைச் சேர்த்து ஒரு பெரிய கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டு, டயருக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துவாராம். தூசி படாதாம்.

"அவருக்குக் குடுக்கவா, உங்களுக்கு வேணுமா தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியல அண்ணி."

"தெரியலன்னா எப்படி? இருபத்து மூணு வருஷம் என் வீட்டு ஞாயித்துக்கிழமையெல்லாம் தின்ன வண்டி அது."

"கேட்டுப் பாக்கறேன். உள்ள ஒண்ணும் பதில் வரல."

அண்ணி அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை மலைப்பந்தயம். உங்க அண்ணன் பேரை ஜனவரியிலேயே குடுத்திருந்தார். அந்த இடத்துல நீங்க ஓட்டுங்க. ஒரு தடவைகூட பந்தயத்துல ஓட்டினதில்லையே. ஓட்டிட்டு இறங்கினதும் கேப்பேன். வேணும்னா வேணும்னு சொல்லுங்க, கூடத்துக்காரருக்கு இல்லன்னு சொல்லிடறேன். அப்பவும் தெரியலன்னு சொன்னீங்கன்னா திங்கக்கிழமை வண்டி அவர்கிட்ட போயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. மில்லி தலையாட்டினார்.

சனிக்கிழமை முழுதும் கொட்டகையில் இருந்தார். பந்தயத்துக்கு முன் செய்யவேண்டிய கடைசி வேலை, வண்டியைச் சமன் செய்வது, அதாவது அதன் எடையை நான்கு சக்கரங்களுக்கும் சரியாகப் பங்கிடுவது. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுகள் நான்கை நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைப்பார். தரை மட்டமா என்று தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் தகடு சொருகுவார். பெட்ரோல் பாதித் தொட்டி. ஓட்டுபவர் உட்காரும் வலப்பக்க இருக்கையில், ஆளுக்குப் பதிலாக மணல் பைகள். ஆள் உட்கார்ந்தால் அசைவார், பேசுவார், முள் ஆடும். மணல் பேசாது. அண்ணன் ஒவ்வொரு வருடமும் தன் எடையைச் சொல்லும்போது, "இந்த வருஷம் ஒரு பை கூட சாப்பிட்டுட்டேன்டா" என்பார். மில்லி அந்தக் கணக்குப்படி பைகளைக் கூட்டிக் குறைப்பார்.

சுவரில் ஆணியில் தொங்கிய போன வருட எடைச் சீட்டைப் பார்த்துப் பைகளை ஏற்றினார். வளையங்களை எட்டில் ஒரு சுற்று, பதினாறில் ஒரு சுற்று என்று திருகித் திருகி, மூலைக்கு மூலை கணக்குச் சரியாக வந்ததும் பூட்டினார். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அதில் மகிழ்ச்சி ஏதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மலையடிவாரத்தில் பதினோரு வண்டிகள். ஆளுக்கு மூன்று ஓட்டம். வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர், எந்நேரமும் கையில் விளக்கோடு திரிவதால் டார்ச் என்று பெயர் வாங்கியவர், மில்லியின் தலைக்கவசப் பட்டையை இழுத்துப் பார்த்தார். "சாமியே தேர்ல ஏறிடுச்சு" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். பிறகு அண்ணனை நினைத்தாரோ என்னவோ, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

முதல் ஓட்டம். முதல் வளைவு ஒழுங்காக வந்தது. இரண்டாவது வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது முன் வலது சக்கரம் மட்டும் சுழல்வதை நிறுத்திவிட்டது. டயர் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது. வண்டி நேராகச் சறுக்கி வைக்கோல் கட்டில் மூக்கை நுழைத்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. மில்லி இறங்கி, விளக்குக் கண்ணாடியிலிருந்து வைக்கோலை எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டி மேலே போய்த் திரும்பி வந்தார். பயந்தாரா என்று பின்னால் மனைவி கேட்டபோது, இல்லை என்று உண்மையைத்தான் சொன்னார்.

கீழே வந்ததும் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகள் சரி. டிஸ்க் வட்டில் கோணல் இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. டயர் காற்று சரி. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். டார்ச் வந்து பக்கத்தில் குந்தினார்.

"அந்தச் சக்கரத்து மேல எடை பத்தல. அதான் முதல்ல நிக்குது" என்றார் டார்ச்.

"நேத்துதான் சமன் பண்ணினேன். கிராம் சுத்தமா இருக்கு."

"உன் எடை என்ன மில்லி?"

"அறுபத்து ரெண்டு."

"சீட்ல எத்தனை வச்சு சமன் பண்ணினே?"

மில்லி கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். ஒரு பக்கம், பிறகு மறு பக்கம்.

"எண்பத்து நாலு."

டார்ச் விளக்கை அணைத்தார். பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தவர்போல.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு இது காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தார். "கடைசி வாரம் எடை பாத்தப்போ உங்க அண்ணன் அம்பத்தொன்பதுதான் இருந்தார். எண்பத்து நாலு எங்கேருந்து வந்துச்சு?"

"போன வருஷம் எழுதி மாட்டின சீட்டுல இருந்துச்சு அண்ணி. பாத்து ஏத்தினேன். வேற எதுவும் யோசிக்கல."

"சரி. இப்ப என்ன செய்யறது?"

டார்ச் சுலபமான வழி சொன்னார். "கூடாரம் பறக்காம இருக்க மணல் மூட்டை போட்டிருக்கோம். இருபத்து ரெண்டு கிலோ நிறுத்துத் தரேன், சீட்டுக்கு அடியில கட்டிக்க. பந்தய விதியில அதுக்கு இடம் உண்டு. பத்து நிமிஷ வேலை, ரெண்டாவது ஓட்டமும் கிடைக்கும்."

மில்லி இருக்கையைப் பார்த்தார். கட்டிவிடலாம். வண்டி நேற்றுப் பூட்டியபடியே இருக்கும்.

"வேண்டாம்" என்றார். "வளையத்தைத் திருப்பறேன்."

"ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ஓட்டம் போச்சு, இன்னொண்ணையும் கோட்டை விடப்போறியா?"

"போகட்டும். ஓட்டறது நான்தானே."

எடைக் கட்டுப்பாடு பார்ப்பதற்காக வைத்திருந்த தராசுகளை டார்ச் கொடுத்தார்; அவை நான்கு சக்கரங்களுக்கும் அடியில் போயின. கூடாரத்தின் மணல் மூட்டைகள் எல்லாம் சேர்ந்தாலும் முப்பது கிலோ தாண்டாது. மில்லி இருக்கையில் உட்கார்ந்தால் வளையத்தைத் திருகுவது யார்? அவர் தயங்கி நின்றார்.

"அண்ணி, உங்க எடை என்ன?"

"நாலு பேர் நடுவுல கேக்கற கேள்வியா இது?"

"அறுபது இருக்குமா?"

"அறுபத்து மூணு. வெளிய போய்ச் சொல்லாதீங்க."

"செருப்பையும் கைப்பையையும் கழட்டி வச்சீங்கன்னா அறுபத்து ரெண்டு வந்துடும்."

அண்ணி செருப்பைக் கழற்றினார். கைப்பையை டார்ச்சிடம் கொடுத்தார். பக்கத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு காலை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு இறங்கி உட்கார்ந்தார். நான்கு முள்ளும் ஆடி நின்றன. டார்ச் நான்கையும் கூட்டி, வண்டியின் எடையைக் கழித்தார்.

"அறுபத்து ரெண்டே கால்" என்றார் டார்ச்.

"கண்ணாடியையும் கழட்டிக் குடுக்கவா?"

"அது போதும் அண்ணி. சாயாதீங்க. மூச்சு விடலாம்."

"ரொம்ப உபகாரம்."

மில்லி வண்டிக்கு அடியில் போனார். ஒரு வளையத்தைத் தொட்டால் நான்கு முள்ளும் நகரும். டார்ச் எண்களை வாசித்தார். அவர் திருகினார். மேலே அண்ணி அசையாமல் இருந்தார். நடுவில் ஒரு முறை மட்டும் பேசினார்.

"இத்தனை வருஷத்துல இந்தப் பக்கம் உக்காந்ததில்ல. சீட்டு அகலமா இருக்கு தம்பி. எனக்கு ரெண்டு பக்கமும் இடம் கிடக்கு."

"பக்கத்துக்கு நாப்பது மில்லி இருக்கும்" என்றார் அடியிலிருந்து மில்லி. கொஞ்ச நேரம் அவர் கை நின்றது. பிறகு, "வலது முன்னால எவ்வளவு?" என்று கேட்டார்.

டார்ச் எண்ணைச் சொன்னார்.

இரண்டாவது ஓட்டத்துக்கான அழைப்பு வந்து போனது. வேலை முடிந்தபோது அண்ணிக்குக் கால் மரத்திருந்தது. டார்ச் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

மூன்றாவது ஓட்டம். இரண்டாவது வளைவில் சக்கரம் நிற்கவில்லை. நான்கு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. வண்டி அவர் திருப்பிய இடத்துக்குத் திரும்பியது. காற்று சட்டைக்குள் புகுந்தது. எஞ்சின் சத்தம், கீழே நின்று இத்தனை வருடம் கேட்டதுபோல இல்லாமல், முதுகெலும்பு வழியாக வந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் யாரோ வாசித்துக் காட்டத் தெரிந்துகொள்வது போலிருந்தது.

பதினோரு பேரில் ஒன்பதாவது. போன வருடம் அண்ணன் ஏறியதைவிட ஆறு நொடி கூடுதல்.

இறங்கி வந்து எஞ்சினை நிறுத்தினார். அண்ணி செருப்பில்லாமலே நின்றுகொண்டிருந்தார்.

"கேக்கறேன் தம்பி. வேணுமா?"

தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் மில்லி. பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தார். "சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அவர் ஞாபகம் வந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணுமே வரல அண்ணி."

"சரி" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் இறங்கியது. கைப்பையில் தொலைபேசியைத் தேடினார்.

"ஆனா மூணாவது வளைவுல பிரேக்கை சீக்கிரம் பிடிச்சுட்டேன்" என்றார் மில்லி. "வண்டி இன்னும் எட்டு மீட்டர் தாங்கியிருக்கும். நான்தான் தாங்கல. அடுத்த வருஷம் அந்த எட்டு மீட்டரைத் தள்ளிப் பிடிச்சுப் பாக்கணும்."

அண்ணியின் கை பைக்குள் நின்றது. "மீட்டர்லகூட பேச வருமா உங்களுக்கு?"

மில்லி தலைக்கவசப் பட்டையைச் சுருட்டினார்.

"யார் பாக்கணும்?"

"நான்."

அண்ணி தொலைபேசியை எடுத்துக் கூடத்துக்காரரைக் கூப்பிட்டார். "வணக்கங்க. வண்டி வராதுங்க. இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. ஓட்ற ஆள் இருக்கார்." எதிர்ப்பக்கம் நீளமாகப் பேசியது. அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தூசி படட்டுங்க" என்று சொல்லி வைத்தார்.

பிறகு மில்லியிடம் திரும்பினார். "மாசக் கடைசிக்குள்ள நிறுத்த இடம் பாருங்க. என் தலையில கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்னு நினைக்காதீங்க."

"பாக்கறேன் அண்ணி."

அண்ணி செருப்பைத் தேடிப் போனார். மில்லி முன் வலது சக்கரத்தைக் கழற்றி, தேய்மானத்தைப் பார்க்கக் குந்தினார். பிரேக் வட்டில் விரலை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். கொதித்தது. வலித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, அது ஆறட்டும் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.