தென் சூடானுக்குப் போன திண்டிவனத்து முறம்

இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. டீ ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்!

என் மனைவி செலினின் அண்ணன் மகள் ஸ்டெல்லா, கன்னியாஸ்திரி. தென் சூடானில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர்களுக்கு முகாமில் சாப்பாடு கொடுக்கும் வேலை. போன மாதம் லீவில் திண்டிவனம் வந்திருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? "ஒரு லாரி பொன்னி அரிசி ஏத்தட்டா?" என்றேன். (லாரி என்னுடையதில்லை. அரிசியும்தான்.)

"வாணாம் மாமா. அங்க சோளம் பிளேன்ல வருது. மூட்டை மூட்டையா மேலேருந்து போடுவாங்க."

வானத்திலிருந்து சோளமா!

"வுழுந்தா மூட்டை கிழியாதா?"

"சிலது கிழியும். மண்ணோட வாரிக்கினு போய்க் களி கிண்டுவாங்க. புள்ளைங்க வாயில நறநறன்னு மண்ணு. முறத்தக்கூட வுட்டுட்டு ஓடியாந்தவங்க, எதுல பொடைப்பாங்க?"

களியா? நம் ஆட்களேதான்!

உடனே கிளம்பினேன். திண்டிவனம் கடைத்தெருவில் இருந்த முறம் அத்தனையும் என் மொபெட்டில்! (டிராபிக் போலீஸ் சல்யூட் அடித்தார் என்றால் நம்பவா போகிறீர்கள்?)

புது முறத்தை அப்படியே கொடுக்கலாமா? இடுக்கெல்லாம் அடைய, பசுஞ்சாணி போட்டு நானே மெழுகிக் காயவைத்தேன்.

கிளம்புகிற அன்று ஸ்டெல்லா அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ மாமா! சாணி மெழுகினத ஏர்போர்ட்ல வுடுவாங்களா? மொத்தத்தையும் புடுங்கிக்குவாங்க!"

செலின் விடுவாளா? "ஊருக்கே ஐடியா குடுக்கிற ஆளு! நின்னுகினு இருக்காம ஜல்தியா தேயுங்க, கார் வந்துடும்!"

தேங்காய் நார், பிரஷ், சோப்பு. கார் ஹாரன் அடிக்கும்வரை மூவரும் தேய்த்தோம். சாணி போனது. இடுக்கெல்லாம் பல்லிளித்தது.

இனி இதில் சோளம் நிற்குமா, ஒழுகுமா? அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை.

இன்று வந்த போட்டோவில் முகாமில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் நம் முறம். பக்கத்தில் ஒரு உருண்டை சாணி!

கூடவே ஸ்டெல்லாவின் வாய்ஸ் மெசேஜ்: "மாமா, முறத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, 'இப்டியேவா குடுப்பாங்க உங்க ஊர்ல?'ன்னு என்னையே கேக்குறாங்க! அவங்களே சாணி தேடிக்கினு வந்து மெழுகிட்டாங்க. இன்னிக்குக் களியில மண்ணு இல்ல மாமா!"

செலினிடம் காட்டினேன். "பாத்தியா? நான் மெழுகினது தப்பா?"

"சோப்பு காசுதான் தண்டம்" என்று உள்ளே போய்விட்டாள்.

அவர்களும் காலங்காலமாக மாடு வளர்ப்பவர்களாம். களி, முறம், சாணி எல்லாம் ஒத்துப்போகிறது. களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்களேன்!