போட்டுக்கு இடிக்கிற கேலக்ஸி

சுக்கு வாசனை அடித்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காப்பி? கஷாயம்? எனக்குப் போன வாரத்திலிருந்து கேலக்ஸி ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள்...

கொச்சி மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் செல்வம். மாநகராட்சியில் குமாஸ்தா, மனசு முழுக்க வானம். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கருந்துளை பற்றி முதல் பேச்சு. ஏக பயம். சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் எட்டுப் பெண்களிடம் ஒத்திகை பார்ப்பது, அவர்களுக்குப் புரியாவிட்டால் பேச்சே வேண்டாம் என்று முடிவு. துணைக்கு நான்.

"கேலக்ஸி நடுவுல இருக்கிற கருந்துளைக்குள்ள போன வெளிச்சம்கூட திரும்பாது," என்று ஆரம்பித்தார். "ஆனா அதைச் சுத்தி இருக்கிற இடம், அந்த கேலக்ஸியோட மொத்த நட்சத்திரங்களையும் தோற்கடிக்கிற மாதிரி ஜொலிக்கும்."

பேச்சியம்மா முறத்தைக் கீழே வைத்தார். "சாரே, இருட்டுன்னு சொல்லுங்க, இல்ல வெளிச்சம்னு சொல்லுங்க. ரெண்டும் சொன்னா நாங்க சாயா குடிக்கப் போறோம்."

கொல்லென்று சிரிப்பு. செல்வம் காகிதத்தை மடித்தார். "ஞாயித்துக்கிழமை பேச வரலைன்னு சொல்லிடறேன்," என்றார் என்னிடம், மெதுவாக.

அப்போதுதான் படகுத்துறையில் போட்டின் ஹாரன். அவ்வளவுதான்! எட்டுப் பெண்களும் ஓட, நாங்களும் பின்னால் ஓட, போட்டின் ஒற்றை வாசலைச் சுற்றி ஊரே சுழன்றது. முழங்கை, குடை, சோற்றுப் பாத்திரம், வியர்வை, வசவு. உள்ளே போனவர்கள் கப்சிப். வாசலில்தான் கொதிப்பு.

"இதுதான்... இதேதான்," செல்வம் நசுங்கியபடியே கத்தினார். "பேச்சியம்மா, சூடு எங்க இருக்கு?"

"வாசல்லதான். என் முதுகுல."

"அதேதான்! விழப்போற வாயு சுத்திச் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு உரசிக் கொதிச்சு ஜொலிக்குது. உள்ள விழறதுக்கு முன்னாடியே."

பேச்சியம்மா கழுத்தைத் திருப்பினார். "அப்ப வெளிச்சம் அந்தக் குழியோடது இல்ல. இடிக்கிறவங்களோடது."

செல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பார்க்கவில்லை. யாரோ இடித்த இடியில் படிக்கட்டுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தேன். கருந்துளையும் விழப்போனதில் கொஞ்சத்தை இப்படித் தூக்கியடிப்பது உண்டாம். பெயர் ஜெட்.

யோசித்துப் பாருங்கள். நாம் ஜொலித்த நாளெல்லாம் எங்கோ நுழையத் துடித்து இடிபட்ட நாள்தானே? இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு யார் ஜொலிக்கிறார்கள்?

செல்வம் என்னைத் தூக்கி நிறுத்துவதற்குள் போட்டு நகர்ந்துவிட்டது. ஜன்னலில் பேச்சியம்மாவின் தலை.

"சாரே, ஞாயித்துக்கிழமை எட்டு பேரும் வரோம். முன் வரிசைல துண்டு போட்டு வைங்க!"