எட்டுக்கு ஆறு

கோரிப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர், யாரைப் பார்த்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த முகம் எத்தனை அடி பேனரைத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். டீ கொண்டுவந்தவர் ஆறுக்கு நாலு. என்னைப் பார்த்து, "மூணுக்கு ரெண்டுதாண்ணே. அதுக்கு மேல இழுத்தா படம் ஒடைஞ்சிரும்" என்றார்.

எனக்கு வீடியோவில் ஒரு வேலைக்கான நேர்காணல் இருந்தது. வீட்டுச் சுவர் காரை பெயர்ந்து கிடந்ததால், பின்னால் கட்டிக்கொள்ள எட்டுக்கு ஆறில் ஒரு புத்தக அலமாரிப் படம் அடித்துத் தரச் சொன்னேன். செல்போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேர்காணலன்று காலையில்தான் பேனரைப் பிரித்தேன். அலமாரிக்கு நடுவே, யாருடைய வெள்ளைச் சட்டையிலோ நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன் போட்டேன்.

"ஆளு இல்லாம பேனர் அடிச்சா கடை பேரு கெட்டுப்போகும்ணே."

வேறு வழியில்லாமல் அதையே கட்டிவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கேள்வி கேட்ட அதிகாரி கடைசியில், "பின்னாடி நிக்கிறாரே உங்க அண்ணன், அவரும் வேலை தேடுறாரா?" என்றார். ஆமாம் என்றேன்.

கடைக்குப் போய் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை மறுபடியும் பார்த்தார்.

"நீங்க மூணுக்கு ரெண்டுண்ணே. அவரு எட்டுக்கு ஆறு."