குண்டக்கல்லுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பது பெரும் பாக்கியம் என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. சொன்னவர்கள் எல்லாரும் மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்கள். இருந்தவள் நான். ஐம்பதுகளின் கடைசியில், உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வாடகை வீடு. அதில் என் கணவர், அவருடைய அம்மா, நான், நாலு வயது மகள். பேருக்குத்தான் நாலு பேர்.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் முசிறிப் பக்கம். உறவுக்காரர்கள் எல்லாரும் அங்கே நெல்லும் வாழையும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருவருக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், ஒருவருக்குக் கோர்ட்டில் வாய்தா, ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வேண்டும், இன்னொருவருக்குக் காவிரிப் படித்துறையில், அம்மா மண்டபத்தில், திதி கொடுக்க வேண்டும். யாருக்கு என்ன வேலையானாலும் தங்கல் எங்கள் வீட்டில்தான். ஒரு வாழைத்தாரோடு வாசலில் நின்று, "சௌக்கியமா தங்கச்சி? ரெண்டு நாளைக்குத்தான்" என்பார்கள். கொண்டுவந்த காய் பழுத்து, அதையும் அவர்களே தின்று முடித்த பிறகுதான் ஊர் ஞாபகம் வரும். என் மாமியாருக்கு இதில் ஒரு சந்தோஷம். நாலு பேர் வந்து போகிற வீடுதான் வீடு என்பார். சொல்லிவிட்டு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார். அடுப்படியில் நான் இருப்பேன்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வரும்போது இரண்டு நாள் என்பது பத்து நாளாகும். சொர்க்கவாசல் பார்க்க வந்தவர்கள் கூடத்திலும் நடையிலும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். விரதம் என்று பெயர். சோறு சாப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக உப்புமாவும் கிழங்குமாக அடுப்பு அணையாது. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை. பதினாறு பேருக்கு அகத்திக்கீரை உருவிப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

அப்படி ஒரு துவாதசி அன்று காலையில், கிணற்றடியில், எனக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. பதினாறு பேர் கூடத்தில் இலைக்குக் காத்திருந்தார்கள். மாமியார் என்னைப் படுக்கவைத்துவிட்டு அன்றைக்கு அவரே பரிமாறினார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் நான் எழுந்து சமைத்தேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. யாரும் படுத்திரு என்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஆவணியில்தான் அந்தக் காகிதம் வந்தது. என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. தினமும் விடியற்காலையில் காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டு, சைக்கிளில் பாலம் தாண்டி, திருச்சி முழுவதையும் குறுக்கே கடந்து பொன்மலை போவார். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போது அவரும் கூடவே சுவரில் சாய்வார். பன்னிரண்டு வருஷமாக இதேதான். இப்போது ஹெட் கிளார்க்காகப் பதவி உயர்வு தருகிறோம், ஆனால் குண்டக்கல் போக வேண்டும், சம்மதமா இல்லையா என்று பத்து நாளுக்குள் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது.

குண்டக்கல் ஆந்திராவில், திருச்சியில் கால்வாசிகூட இல்லாத ஊர். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரை அவர் விசாரித்துவிட்டு வந்தார். வெயில் மண்டையைப் பிளக்குமாம். பக்கத்தில் ஆறு கிடையாதாம். குவார்ட்டர்ஸ் கிடைக்கும், ஆபீசுக்கு நடந்தே போகலாம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. முசிறியிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போனதே கிடையாது. கடைசியாகச் சொன்ன விஷயத்தை அவர் ஒரு குறையாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் லேசாயிற்று.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"நான் என்னங்க சொல்றது? உங்க இஷ்டம்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். போகலாம் என்று நான் வாயைத் திறந்தால் தாயையும் பிள்ளையையும் பிரித்தவள் என்ற பெயர் சாகிறவரை எனக்குத்தான். ஏனென்றால் மாமியார் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க போங்கப்பா. நான் பெரியவன் வீட்டுல இருந்துக்கிறேன்." பெரியவர், என் கணவரின் அண்ணன், முசிறியில் இருந்தார். அந்த வீட்டில் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத்தான், மனம் கசந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தவர் மாமியார். அவருக்காகத்தான் என் கணவர் பொன்மலையில் வீடு பார்க்காமல் ஸ்ரீரங்கத்தில் பார்த்தார். பெருமாள் பக்கத்தில் இருந்தால் அம்மாவின் மனசு ஆறும் என்று. பன்னிரண்டு வருஷம் சைக்கிள் மிதித்தது அதற்காகத்தான்.

போகலாம் என்று சொல்ல அவருக்கு அம்மா முகம். வேண்டாம் என்று சொல்ல என் முகம், சைக்கிள், முட்டிவலி. காகிதத்தை எடுப்பார், மடிப்பார், சட்டைப்பையில் வைப்பார். அந்தப் பத்து நாளில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் களைப்பு. யாராவது ஒருவர் முடிவு சொல்லித் தொலைத்தால் போதும் என்று இருந்தது.

எட்டாம் நாள் மாமியார்தான் சொன்னார். "பூக்கட்டிப் பாத்துடலாம். ஆத்தா சொல்லிட்டா யாருக்கும் மனத்தாங்கல் இல்லை பாரு."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு வெட்டுவது, வீடு வாங்குவது எதுவானாலும் அப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வைத்து, வித்தியாசம் தெரியாமல் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் இங்கேயே இருப்பது, சிவப்பு வந்தால் குண்டக்கல் என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டுகிற வேலை, வீட்டில் மற்ற எல்லா வேலையையும் போல, எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சமையற்கட்டில் நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் தட்டில் இருந்தன. வாழையிலையை இரண்டு துண்டாகக் கிழித்தேன். முதல் துண்டில் அரளியை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவதற்கு நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன். மார்கழிக்கு இன்னும் நாலு மாதம்தான் என்று நினைத்தேன். அந்தக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. நந்தியாவட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, இரண்டாவது இலையிலும் அரளியை வைத்துக் கட்டினேன். இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கொள்ளிடக் கரையில் இருந்த ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி கற்பூரம் காட்டினார். என் மகள் குனிந்து இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்தாள். மாமியார் பிரித்தார். சிவப்பு.

மாமியார் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா உத்தரவு. இனிமே பேச்சில்லை" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொள்ளிடத்தில் அப்போது வெறும் மணல், காவிரியில்தான் தண்ணீர். "நாளைக்குப் பாலத்துல போறப்ப விட்டுடறேன்" என்றார். அன்று முழுவதும் அந்தப் பை மேலேயே என் கண். மறுநாள் அவர் வந்ததும், "போட்டாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றார். "சம்மதம்னு எழுதியும் குடுத்துட்டேன்."

அப்பாடா என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மாமியார் தன் டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் புடவைகளை அடுக்கினார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "ஆத்தாவே சொல்லிட்டா, நம்ம கையில என்ன இருக்கு?" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணி முடிந்து புரட்டாசியில் ஆர்டர் வந்தது. பெரியவர் பஸ்ஸில் வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் மாமியார் அந்த வீட்டில் இருந்தார். நன்றாக இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, என் கணவர் கடைசியாகக் காவிரியில் குளிக்கப் போனபோது நானும் மகளை இழுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போனேன். அவர் முழுகி எழுந்து படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் அடக்க முடியாது என்று தோன்றியது.

"என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பொட்டலம்..."

"தெரியும்" என்றார். துவட்டுவதை நிறுத்தவில்லை. "ரெண்டும் செவப்பு."

"பிரிச்சீங்களா?"

"பாலத்துல சைக்கிளை நிறுத்திட்டுப் பிரிச்சேன். பிரிக்கக் கூடாதுதான். வெள்ளையா இருக்கும், ஒரு தரம் கண்ணால பாத்துட்டு விட்டுடலாம்னு தோணுச்சு."

அவருக்கு எது வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் பத்து நாளாக வாயைத் திறந்து சொல்லவில்லை.

"அப்புறம் ஏங்க சம்மதம்னு எழுதினீங்க? வேண்டாம்னு எழுதியிருக்கலாமே. என்னைத் திட்டியிருக்கலாமே."

அவர் துண்டைப் பிழிந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆத்தாவையே ஏமாத்தற அளவுக்கு நீ அலுத்துப் போயிருக்கே. அது எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. அதுக்கு மேல நான் யார்கிட்ட உத்தரவு கேக்கறது?" பிறகு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஆத்தா சொன்னதாவே இருக்கட்டும்" என்றார்.

மகள் படியில் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். துவாதசி அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பிறகு, அந்தப் பத்து நாளும் அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"போகலாங்க. என்னால முடியலை."

"சரி" என்றார். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டார்.