எட்டாத சுவிட்ச்

தலையில் கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, இல்லாத அறைக்குள் நடக்கச் செய்யும் மெய்நிகர் கலையைப் பற்றி அகராதியின் துணையோடு ஆங்கில இதழ்களில் படித்திருந்தேன். எந்தக் கல்லூரியும் எனக்கு அதைக் கற்பிக்கவில்லை. திருப்பூரிலேயே இளம்பெண் ஒருவர் அத்தகைய அறையைப் படைத்திருக்கிறார் என்றறிந்து, 2008 தை மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டேன்.

உடுமலைப்பேட்டையில் காலை 8.10க்குப் பேருந்து. பல்லடம் வழியே ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். கட்டணம் இருபது ரூபாய். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு முப்பது.

"கம்ப்யூட்டர் தொப்பி மாட்டற எடமுங்களா? போன வாரம் ஒருத்தரு மாட்டீட்டுச் செவுத்துல முட்டீட்டாருங்க. பாத்துங்க!" என்றார் ஓட்டுநர்.

"என் தலை கெட்டிதானுங்க" என்றேன்.

காலியான பனியன் கிடங்கு ஒன்றில் கண்காட்சி. ஜெயராணி என்னும் அக்கலைஞர் படைத்திருப்பது ஒரு காலண்டரிங் பட்டறை. சாயமேற்றிய துணியைச் சூடான உருளைகளுக்கிடையே செலுத்தித் தேய்க்கும் இடம் அது. அவருடைய பெற்றோர் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து அத்தகைய பட்டறையில்தான் வேலை செய்தனர். ஒருநாள் உருளை தாயாரின் வலக்கையை இழுத்துக்கொண்டது. நிறுத்தும் சுவிட்ச் இயந்திரத்தின் மறுபுறம். சுற்றிக்கொண்டு ஓடிய தந்தையால் உரிய நேரத்தில் அதை எட்ட இயலவில்லை. அன்றுமுதல் தம்மையே குற்றவாளியாக எண்ணிய அவர், எந்தப் பட்டறையிலும் கால்வைக்கவில்லை. மகள் படைத்ததையும் பார்க்க மறுத்துவந்தார்.

நான் சென்ற அன்று மனைவியுடன் அவரும் வந்திருந்தார்.

"ஒரு தடவ மாட்டிப் பாருங்கப்பா" என்று மகள் கெஞ்சினார்.

"என்ன ஹெல்மெட்டா? போலீஸ் புடிக்கவா போறான்?" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

அவர் காண்பதை மேசைமேலிருந்த திரை எங்களுக்கும் காட்டியது. அங்கே மனிதர் எவருமில்லை. உருளைகள் மட்டும் சுழன்றன. சட்டென அவர் இயந்திரத்தைச் சுற்றி விரைந்தார். கவசத்தைக் கணினியோடு பிணைத்த கம்பி விறைத்து நின்றது. நீட்டிய கைக்குச் சுவிட்ச் எட்டவில்லை.

மனைவி இடக்கையால் அவர் முழங்கையைப் பற்றினார். "போதும், நில்லுங்க. அன்னைக்கும் நீங்க ஓடித்தான் வந்தீய. நான் பாத்தேன்லா."

கவசத்தைக் கழற்றாமலே அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்தச் சுவிச்ச இந்தப் பக்கமா மாத்தி வச்சிரு" என்றார்.

"அங்கனதானப்பா இருந்துச்சு."

"இருக்கட்டும்" என்றார் தாயார். "வாரவங்க எல்லாரும் ஒருக்கா கைய நீட்டிப் பாக்கட்டும்."

பிறகு நானும் நீட்டிப் பார்த்தேன்.

கலையென்றால் கண்ணுக்கு விருந்து என்று நம்பிவந்தவள் நான். திரும்பும் பேருந்தில், பல்லடம் கடக்கும்வரை என் வலக்கை முன்னிருக்கைக் கம்பியை எட்டிப் பிடித்தபடியே இருந்தது.

செல்ல விரும்புவோர்க்கு: சனி, ஞாயிறுகளில் மட்டுமே திறப்பு, நுழைவுக் கட்டணம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கவசம் கனமானது, கழுத்து வலியுள்ளோர் நெடுநேரம் அணிய வேண்டாம். சுவிட்ச் உங்களுக்கும் எட்டாது. அதனைக் கோளாறென்று எண்ணி அப்பெண்ணிடம் முறையிடாதீர்கள்.