ஒன்றரை மடங்கு வேகத்தில் சுகந்தினி

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் ஒரு பல் மருத்துவமனை. அதன் வரவேற்பு மேசைதான் சுகந்தினியின் வாசிகசாலை. உள்ளே பல் குடையும் இயந்திரம் இரையும் நேரங்களில் வெளியே வேலை குறைவு. அப்போது கணினித் திரைக்கும் டிஷ்யூ பெட்டிக்கும் நடுவே ஒரு புத்தகம் விரிந்திருக்கும். நாவல் அல்ல. வீட்டில் பெண்கள் செய்யும் கூலியில்லாத வேலை, வர்க்கம், தனிமனித சுதந்திரம், கம்பனி நடத்துவது என்று இந்த வகைப் புத்தகங்கள்தான். அவள் ஏதோ பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்த ஒரு கிழவர், ஒவ்வொரு முறை பல் காட்ட வரும்போதும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

பரீட்சை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் படித்த காலத்தில் அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. அந்த வருடம் போரால் பாதை பூட்டிக் கிடந்தது, போக முடியவில்லை. பிறகு கொழும்புக்கு வந்து ஒரு கணக்காளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். அங்கே கிடந்த பழைய வியாபாரச் சஞ்சிகைகளில்தான் அவளுடைய ஆங்கிலம் வளர்ந்தது. கல்யாணம் முடித்து ஆக்லாந்து வந்த பிறகு, கிளென் ஈடன் நூலகத்து அட்டைதான் அவள் பெயரில் எடுத்த முதல் அட்டை. வங்கி அட்டை பின்னால்தான் வந்தது.

கணவர் கதிர்காமநாதன் எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் திட்ட மேலாளர். ஊருக்கெல்லாம் நாதன் அண்ணை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளென்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் கூடும் தமிழ் வாசகர் வட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். கதைப் புத்தகம் வேண்டாம், சிந்தனையைக் கிளறும் புத்தகங்கள்தான் வேண்டும் என்பது அவர் போட்ட விதி. ஒவ்வொரு மாதமும் ஒருவர் முறை வைத்துப் பேச வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டாவது விதி சீக்கிரமே தளர்ந்தது. மற்றவர்களுக்கு வேலை, பிள்ளைகளின் கிரிக்கெட், வீட்டுக் கடன். நாதன் அண்ணை பேசினால் போதும், கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

அவருக்கும் வாசிக்க நேரமில்லை. ஆரம்பத்தில் சுகந்தினி வெங்காயம் நறுக்கிக்கொண்டே புத்தகத்தைச் சொல்லுவாள். அவர் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று குறுக்குக் கேள்விகள் கேட்பார். அந்த மாலைகள் அவளுக்கு நிறையப் பிடித்திருந்தன. பிறகு அவர் வேலை கூடியது. அவள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினாள். காலை நெரிசலில் மோட்டர்வேயில் நிற்கும்போது அவர் காரில் கேட்பார், ஒன்றரை மடங்கு வேகத்தில்.

"நீர் இழுத்து இழுத்துக் கதைக்கிறீரப்பா. வேகமா விட்டாத்தான் எனக்கு விளங்குது" என்றார் ஒருநாள்.

குறுக்குக் கேள்விகள் நின்றுபோயின.

ஒரு பதிவில் அவள் சொல்லியிருந்தாள்: "ஒரு வீட்டிலை ஆருக்கு அதிகாரம் எண்டு பாக்க வேண்டாம். 'எனக்குக் களைக்குது' எண்டு சொல்லுற உரிமை ஆருக்கு இருக்கு எண்டு பாருங்கோ." அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவளே வாசித்து யோசித்துக் கண்ட வசனம். நாதன் அதை அந்த ஞாயிறு சொன்னார். கைதட்டல் நிற்கவில்லை. அடுத்த மாதமும் சொன்னார். வட்டத்தின் முகநூல் பக்கத்தில் அது அவருடைய படத்துக்குக் கீழே ஏறியது. மகளிர் தினக் கூட்டத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். சுகந்தினி பின்வரிசையில் உட்கார்ந்து, உதடு அசையக் கேட்டுக்கொண்டிருப்பாள். தான் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டைச் சுற்றிக் கொடுப்பதும் அவள்தான்.

போன வருடம் அவள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஆண்டு நிறைவுக் கூட்டத்திலை நான் ஒருக்காக் கதைக்கட்டே?"

"கதையுமன்! ஆர் வேண்டாமெண்டது? பொம்பிளையள் முன்னுக்கு வரவேணும் எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன்."

அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வாசித்தவள் அவள் என்று ஒரு மண்டபத்துக்கு ஒரு முறை தெரிந்தால் போதும்.

அறிவித்தல் வந்தது. சிறப்புப் பேச்சாளர்: திருமதி கதிர்காமநாதன்.

"என்ரை பேர் எங்கை?"

"ஆக்களுக்கு விளங்க வேணுமெல்லோ. சுகந்தினி எண்டு போட்டா ஆருக்குத் தெரியும்?"

பெண்களின் கூலியில்லாத வேலை பற்றிய புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. நடுவில், தானாகவே, அந்த வசனம் வந்தது. களைக்குது என்று சொல்லும் உரிமை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. தெரிந்த பாட்டை வேறொருவர் பாடும்போது வரும் சிரிப்பு.

வட்டத்தின் தலைவர் குலசிங்கம், ஓய்வுபெற்ற கணக்காளர். நன்றியுரைக்கு எழுந்தவர் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளை நல்லாத்தான் கதைச்சது. ஆனா உது எங்கடை நாதன்ரை வசனமெல்லோ? மனிசன்ரை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிண்ட மாதிரிக் கிடக்கு."

கோயம்புத்தூரிலிருந்து வந்த பிரசாத், மென்பொருள்காரர், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணா, வீட்லயே டியூஷன் சென்டர் நடத்துறீங்களா? என் வைஃபையும் சேத்துக்கோங்க!"

அவர் பக்கத்தில் இருந்த மனைவி வைஷாலியும் சேர்ந்து சிரித்தாள். எல்லோரும் நாதனைப் பார்த்தார்கள். அவர் கையைக் கூப்பி, தலையைத் தாழ்த்தி, புன்னகைத்தார். அது என்னுடைய வசனமில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதுமாக இருந்தது. அந்த மூச்சை அவர் விடவில்லை.

காரில் அவள் கேட்டாள். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லையேப்பா."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லுறது? ஆர் சொன்னாலென்ன, கருத்துத்தானே முக்கியம்."

சுகந்தினி அழுது முடித்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

அது அலுவலகங்களைப் பற்றியது. நாமெல்லாம் ஒரு குடும்பம் என்று முதலாளி சொல்லத் தொடங்கும் நாளில் தொழிலாளி பயப்பட வேண்டும் என்பதுதான் புத்தகம் முழுக்க. பாசத்தைக் காட்டி எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று எழுத்தாளர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தார். எழுதியவர் ஒரு பெண்.

சுகந்தினி குரல் பதிவில் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னாள். கம்பனி ஒரு குடும்பமாக வேண்டும் என்கிறது புத்தகம். முதலாளி தகப்பனைப் போல இருந்தால் தொழிலாளிக்கு நிம்மதி என்கிறது. வர்க்கம் என்ற பேச்சே தேவையில்லை என்கிறது. குரல் நடுங்கவில்லை. மண்டபத்தில் யாராவது ஒருவர் எழுந்து, அண்ணை இந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறார். அந்த ஒருவருக்காக அவள் ஆசையோடு காத்திருந்தாள். கூட்டத்தன்றைக்கு ரோல்ஸும் நிறையச் செய்தாள்.

நாதன் பேசினார். எல்லர்ஸ்லி அலுவலகத்தில் தன் கீழ் வேலை செய்பவர்களைத் தான் பிள்ளைகளாகப் பார்ப்பதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. முடித்ததும் கலந்துரையாடல்.

"ஆமாண்ணா" என்றார் பிரசாத். "மூணாவது சாப்டர்ல அந்த ஃபேக்டரி கதை வருமே, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

அந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்திலும் தொழிற்சாலை இல்லை.

"ஆம்பிளை எண்டா உப்பிடி எழுத வேணும்" என்றார் குலசிங்கம். "அனுபவப்பட்ட மனிசன். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வாசிச்சனான்."

இன்னும் சிலர் கையுயர்த்தினார்கள். ஒவ்வொருவரும் புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் புகழ்ந்தார்கள். வாசகர் வட்டத்தில் வாசிப்பவர் ஒருவரும் இல்லை என்பது சுகந்தினிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருடமும் இந்த மண்டபம் முழுவதும் அவள் ஒருத்தியின் கண்ணால்தான் வாசித்திருக்கிறது.

அவள் எழுந்தாள். தட்டு கையிலேயே இருந்தது.

"அவ அப்பிடி எழுதேல்லை. எழுதினது ஒரு பொம்பிளை. குடும்பம் எண்டு சொல்லி ஏமாத்துறாங்கள் எண்டுதான் முழுப் புத்தகமும். இவர் ஒரு பக்கமும் வாசிக்கேல்லை. நான்தான் மாத்திச் சொல்லிக் குடுத்தனான்."

குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரசாத் போனைப் பார்த்தார். நாதன் மனைவியைப் பார்த்தார், அவள் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கு உடனே விளங்கியது. திட்ட மேலாளர் அல்லவா, கூட்டம் கைமீறும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர். சிரித்தார்.

"பாத்தியளோ? எங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் இதுதான். நான் ஒண்டு சொன்னா இவ எதிர்ப் பக்கம் நிப்பா. நான் ஒருநாளும் வாயை மூடச் சொன்னதில்லை. லிபரல் சிந்தனை எண்டு நாங்கள் கதைக்கிறது இதைத்தானே? அது வீட்டுக்குள்ளை இருந்து தொடங்க வேணும்."

மண்டபம் மூச்சு விட்டது. பிறகு கைதட்டியது. நீண்ட நேரம் தட்டியது.

"குடுத்து வைச்ச மனிசி" என்று குலசிங்கம் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார். "வேறை வீடெண்டா இப்பிடிக் கதைக்க விடுவினமோ பிள்ளை?"

வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகளுக்கு நடுவே வைஷாலி அவளைப் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் அந்த புக்கைப் படிச்சேன். நீங்க சொன்னதுதான் கரெக்ட்."

"அப்ப ஏன் உள்ளுக்குச் சொல்லேல்லை?"

"அவர்தான் மூணாவது சாப்டர்னு சொல்லிட்டாரே அக்கா. அதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் திறக்கறது?"

அதன் பிறகு சுகந்தினி குரல் பதிவு அனுப்பவில்லை. நாதன் சண்டை பிடிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவார் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததை நினைத்து வெட்கப்பட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில், கிரீன்ஹைத் பாலத்தின் மேல் கார் ஏறும்போது, அவர் போனைத் தட்டினார். காரின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கிறீச்சென்று விரைந்தது. "அண்ணா, இந்த புக்ல முக்கியமான விஷயம் என்னன்னா..."

வைஷாலி. ஒன்றரை மடங்கு வேகத்தில்.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார் நாதன். "மனிசி எந்த நேரமும் புத்தகமும் கையுமாத்தான் எண்டு பிரசாத் சொன்னவர். கேட்டன், சந்தோசமா ஓமெண்டிட்டுது. கொஞ்சம் இழுக்கிறா, அவ்வளவுதான்." பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீரும் உந்தப் புத்தகம் வாசிச்சனீரெல்லோ? சரியாத்தான் சொல்லுறாவோ எண்டு ஒருக்காக் கேளும்" என்றார்.

சுகந்தினி கேட்டாள். பிழை. உடைத்துப் போடுவதற்காக எழுத்தாளர் எடுத்து வைத்த எதிராளியின் வாதத்தை, வைஷாலி எழுத்தாளரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் வாசித்தால் வரக்கூடிய பிழைதான். ஒரு வசனத்தில் திருத்திவிடலாம்.

"சரிதான்" என்றாள் சுகந்தினி.

அன்றைக்கு நாதன் அந்தப் பிழையை அழுத்தம் திருத்தமாகப் பேசினார். குலசிங்கம் தலையாட்டினார். பிரசாத் தனக்குப் பிடித்த அத்தியாயத்தைச் சொன்னார். முன்வரிசையில் வைஷாலியின் உதடுகள் பேச்சோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

கூட்டம் முடிந்ததும் அவள் ஓடிவந்து சுகந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் பூரித்துப் போயிருந்தது.

"அக்கா, கவனிச்சீங்களா? நான் சொன்னதை அண்ணா ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சொன்னாரு!"

"ஓம்" என்றாள் சுகந்தினி. ரோல்ஸ் தட்டை அவள் கையில் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோய் ஆக்களுக்குக் குடும்."