மாதா கோயில் திருவிழாவுக்கு மாமாவாகப் போனவன்

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போவது, என்றைக்குப் போவது என்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது எழுபத்தாறாம் வருடத்து வழி. அப்போது நான் குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் ஆத்தூருக்கு வந்திருந்தேன். திருவிழா பார்க்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போனதற்குக் காரணம் என் மகள் வசந்தி.

நான் குவைத்துக்குக் கிளம்பியபோது என் மனைவி சந்திரா ஐந்து மாதக் கர்ப்பிணி. திரும்பி வந்தபோது பிள்ளைக்கு இரண்டரை வயது. என்னைப் பார்த்ததும் "மாமா" என்றாள். தூக்கப் போனால் கதறல். சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். "ஏளா, குவைத் மாமா என்ன கொண்டாந்தாவ?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைச் சீண்டுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். பெற்ற பிள்ளையிடம் என்ன பேசுவதென்றே தெரியாமல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். லீவில் இரண்டு நாள்தான் பாக்கி. ராட்டினத்தில் ஏற்றினாலாவது ஒட்டிக்கொள்வாளா என்றுதான் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, சப்பரம் சுற்றிவருகிற நாளில், கிளம்பினோம்.

ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். மதியம் இரண்டரை மணி பஸ். மேலே வெற்றிலைக் கட்டுகள், உள்ளே எள் போட்டால் எள் விழாது. ஆற்றுப் பாலம் தாண்டி முக்காணி, பழையகாயல். முத்தையாபுரம் உப்பளங்கள் வந்ததும் ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அம்மியையே தூக்குகிற காற்றாயிற்றே, கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த உப்பு வாடைக்குத்தான் மூன்று வருடமாக ஏங்கிக் கிடந்தேன்.

கோயிலைச் சுற்றிக் கடற்கரைச் சாலை நெடுகக் கடைகள். மக்ரூன், கருப்பட்டி மிட்டாய், வளையல், பலூன். காயல்பட்டினத்துக்காரர்கள், ஏரல் வியாபாரிகள், எல்லாரும் இருந்தார்கள். நாசரேத்து புராட்டஸ்டன்ட் வாத்தியார் குடும்பம் ஒன்று, எங்களுக்கு மாதா வழக்கம் இல்லை, சும்மா வேடிக்கைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் இடம் பிடித்து நின்றது. (தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது. விசாரித்துக்கொண்டு போங்கள்.)

ராட்டினத்தில் என்னோடு ஏற வசந்தி மறுத்துவிட்டாள். சப்பரம் திரும்பிய நேரம் கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. சந்திராவின் கையில் இருந்த பிள்ளையின் கை நழுவிவிட்டது. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கூட்டம்.

தொண்டர்கள் பந்தலுக்கு ஓடினோம். மைக் வைத்திருந்தவர் பெயர், வயது, கவுன் நிறம் எல்லாம் சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கூப்பிடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு அப்பா சத்தம் தெரியும்லா?"

எங்கே தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? மைக்கை வாங்கினேன். குவைத்திலிருந்து டேப்பில் பேசி அனுப்புவேனே, அதே வார்த்தைகள்தான் வாயில் வந்தன. "வசந்திக்குட்டி, அப்பா பேசுறேன். சாப்பிட்டியாம்மா?" கம்பங்களில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் கடற்கரை முழுக்கக் கேட்டது. நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பலூன்காரம்மா ஒருத்தி வசந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "கம்பத்துல கட்டுன கொழாயப் பாத்து அப்பா, அப்பாங்கு. நகரவே மாட்டேங்கு" என்றாள்.

சந்திரா பிள்ளையை வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அத்தான், டேப்புதான் அவளுக்கு அப்பா. தெனமும் அவளே பொத்தான அமுக்கிக் கேட்டுட்டு அதுக்கு முத்தம் குடுப்பா. ஒங்க மனசு சங்கடப்படும்னு பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன்."

டேப் ரிக்கார்டர் பழுது என்று அவள் சொல்லியிருந்ததை நம்பியிருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. குனிந்து பிள்ளையின் காதருகில், "சாப்பிட்டியாம்மா?" என்றேன். கம்பத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வாயைப் பார்த்தாள். வரவில்லை, ஆனால் ஓடவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குழந்தையோடு கடைசி நாள் போகாதீர்கள். கொடியேற்றம் ஜூலை இருபத்தாறு, அதற்கடுத்த நாட்களில் கூட்டம் கொஞ்சம் குறைவு. பிள்ளையின் சட்டைப்பையில் ஊர் பெயர் எழுதி வையுங்கள். பொழுது சாயும்போதே பஸ் ஏறிவிடுங்கள், தாமதித்தால் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.

அன்றைக்கு எங்களுக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. சந்திரா பிள்ளையைச் சத்தமில்லாமல் என் மடிக்கு மாற்றினாள். அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன். குவைத்து வெயில், கப்பல், ஒட்டகம், வாயில் வந்ததெல்லாம். பழையகாயலில் தொண்டை கட்டிக்கொண்டு நிறுத்தினேன்.

வசந்தி என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். என் சட்டைப் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். நான் பேசவில்லை. அடுத்த பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, பேசு."